தவோராவுக்கு ஆள் தேடிய ரூத்

ரூத்துக்குக் கோபம் வந்தால் மண்ணூரில் நாய்கூடக் குறுக்கே வராது. அன்றைக்கு அந்தக் கோபம் போலீஸ் ஸ்டேஷனில், அதுவும் சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்கு எதிரிலேயே வந்துவிட்டது. அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “அது அநாதைப் பொணம்மா” என்றார், அவ்வளவுதான்.

“யாரு சார் அநாத? எட்டு மாசமா என் வூட்ல குடியிருந்த புள்ள. கழுத்துல கம்பெனி கார்டு கீது. அதுல ஜாக்சன் தவோரான்னு பேரு கீது. பேரு கீறவன் எப்படி சார் அநாதையாவான்?”

“பேர் இருந்தா போதாதும்மா. ஆள் இருக்கணும். அம்மா, அப்பா, அண்ணன், தம்பி, யாராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பாடியக் குடுப்பேன்.”

“நான் போடுறேன்.”

“நீ யாரு? வாடகைக்கு வுட்டவ. நாளைக்கே சொந்தக்காரன் வந்து, எவளோ எடுத்துக்கினு போயி பொதைச்சிட்டாளேன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

ரூத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த மனிதரையும் குற்றம் சொல்வதற்கில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கச் சொல்வதாக அவராகவே சொன்னார். அதற்குள் ஆள் வராவிட்டால் முனிசிபாலிட்டிக்காரர்கள் எடுத்துப்போய் ஏரிக்கரைப் பக்கம் குழியில் போட்டு மூடிவிடுவார்கள். சிலுவை இல்லை, ஜெபம் இல்லை, ஒரு பிடி மண் போட ஆள் இல்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

நடந்தது இதுதான். சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. திங்கட்கிழமை, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஒரகடத்தில் காலை ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போன ஜாக்சனை மணல் லாரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கம்பெனியில் கேட்டால், அவன் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள் என்றார்கள். காண்ட்ராக்டரிடம் கேட்டால், அவர் காட்டிய ஃபாரத்தில் சொந்த ஊர் என்று போட்டிருந்த இடத்திலும் ‘ரூத் அம்மாள் வீடு, மண்ணூர்’ என்றே இருந்தது. கம்பெனி பஸ் ரூட் போடத் தோதாக இருக்கும் என்று காண்ட்ராக்டர் ஆபீஸ் ஆள் எல்லாப் பையன்களுக்கும் அப்படியே எழுதியிருக்கிறான். நல்ல தோது! இருக்கிற வரைக்கும் பஸ் ஏற உதவியது. செத்தபிறகு வீடு போய்ச்சேர வழியில்லாமல் செய்துவிட்டது.

ரூத்தின் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மூன்று ரூம்கள். கம்பெனிகள் வந்தபிறகு வயலை விற்றவர்கள் எல்லோரும் கட்டியது போல அவளும் கட்டியது. எல்லாம் தெற்கத்திப் பையன்கள். ரூத்துக்கு அவர்கள் மொத்தமும் ‘திருநெல்வேலிப் பசங்க’. தூத்துக்குடிக்காரனாக இருந்தாலும் நாகர்கோவில்காரனாக இருந்தாலும் அவளுக்குத் திருநெல்வேலிதான். அதற்கு மேல் கேட்டதில்லை. வாடகை சரியாக வருகிறதா, குடித்துவிட்டு வராமல் இருக்கிறானா, போதும்.

இப்போது அதை நினைத்து வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே ரூமுக்குப் போய், ஜாக்சனோடு தங்கியிருந்த வானமாமலையைப் பிடித்தாள். நாங்குநேரிப் பக்கத்துப் பையன். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தான்.

“எட்டு மாசமா ஒண்ணா படுத்து எழுந்தீங்களே, அவன் எந்த ஊருன்னு கூடவாடா கேக்கல?”

“கேட்டேன்க்கா. ‘கீழ்ப்பக்கம்’ம்பான். அதுக்கு மேல கேட்டா சிரிப்பான். லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போவும்போதும் இவன் மட்டும் போவ மாட்டான். ஓ.டி. பாக்கேன்னு நின்னுக்கிடுவான். நாங்க அவன ‘டபரா, டபரா’ன்னு கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சோமே தவிர ஒண்ணும் கேக்கல.”

“அந்தப் பேரு எந்த ஊருப் பேருடா? தவோரா? நான் கேட்டதே இல்ல.”

“அது கடல்கரைப் பேருக்கா. எங்கள்ல அப்படிக் கிடையாது. அப்பா பேருல முதல் எழுத்து, அதோட சரி. கடல்கரையில ஆர்.சி. ஆளுகளுக்குத்தான் வழிவழியா வார பேரு உண்டு. மீன் ஆயுறதப் பாத்தியள்லா? கண்ண மூடிக்கிட்டு ஆய்வான்.”

ஆமாம், பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் அவளிடமிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொள்வான். “தள்ளுங்கக்கா, மீனக் கொல பண்ணாதீய” என்பான். செத்த மீனை எங்கிருந்துடா கொலை பண்றது என்று இவள் திட்டுவாள்.

“கடல்கரைன்னா யாரக் கேக்கணும்?”

“சிங்கப்பெருமாள் கோவில்ல நெறய கடல்கரைப் பிள்ளைய ஹாஸ்டல்ல தங்கியிருக்கு. ஷிஃப்ட் மாறும்போது ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வருவாவ.”

ரூத்தின் கணவர் ஆபிரகாம் சாதுவான மனிதர். “ரூத்து, நம்ம சி.எஸ்.ஐ., அவன் ஆர்.சி. அவங்க ஃபாதர்கிட்ட சொல்லிடு, அவங்க பாத்துக்குவாங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

“செத்தவன் இன்னா சபைன்னு பாத்தா அழுவுறாங்க? ஃபாதர்கிட்ட நேத்தே போனேன். அவரும் பங்குல இருந்து லெட்டர் வேணும், சொந்தக்காரங்க வேணும்னு அதேதான் சொல்றாரு. அந்தப் புள்ளைக்கு ஆள் கண்டுபுடிக்காம நான் வுட மாட்டேன். நீ மாட்டுக்குத் தண்ணி காட்டு.”

ஆபிரகாம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். முப்பது வருஷக் குடித்தனம். எங்கே பேச வேண்டும், எங்கே வாளியைத் தூக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை விடிந்ததும் ரூத் இரண்டு பஸ் மாறி சிங்கப்பெருமாள் கோவில் போய் இறங்கினாள். ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றுகொண்டு “ஒரகடம், ஒரகடம், ஒரகடம்” என்று கத்திக்கொண்டிருந்தன. கழுத்தில் கார்டு தொங்க, கையில் டிபன் பாக்ஸோடு பெண்பிள்ளைகள் ஓடிவந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரை நிறுத்தி யாரைக் கேட்பது? ஒருத்திக்கும் நிற்க நேரமில்லை. ரூத் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டோக்காரர்களுக்கு நடுவில் போய் நின்று, அவர்களைப் போலவே தொண்டையைத் திறந்தாள்.

“தவோரா! தவோரா! தவோரா!”

ஒரு டிரைவர் ஆட்டோவை விட்டு இறங்கியே வந்துவிட்டான். “இன்னாக்கா, புது ரூட்டா? ஸ்டாண்டுல கேட்டியா நீ?”

“ரூட்டு இல்லடா கஸ்மாலம், ஆளு! போ அந்தாண்ட!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரூத் பொருட்படுத்தவில்லை. மானம் போனால் போகட்டும், பையன் குழிக்குள் போகக்கூடாது. ஒவ்வொரு ரயிலும் வந்து கூட்டம் இறங்கும்போதெல்லாம் கத்தினாள். வெயில் ஏறியது. தொண்டை கட்டிக்கொண்டது. சோடா வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி கத்தினாள். கடைசியில், ஆட்டோவில் ஒரு காலை வைத்த ஒல்லியான பெண் ஒருத்தி காலைக் கீழே இறக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“யம்மா, தவோராவ என்னத்துக்குத் தேடுதிய?”

அவள் பெயர் லிசா. ஒரு ஒயர் கம்பெனியில் லைனில் வேலை. ரூத் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டாள்.

“எங்க கடல்கரையில பேரச் சொன்னா ஊரச் சொல்லிரலாம்மா. மச்சாதுன்னா எங்கூரு, பெரியமணல். கல்தேரான்னா எங்களுக்கு வடக்க. பர்னாந்துன்னா சொல்ல முடியாது, அது கொட்டிக் கெடக்கு. தவோரா ரொம்ப அபூர்வம்மா. சேந்தாழையில மட்டுந்தான் உண்டு. எங்கம்மா அங்க மீன் எடுக்கப் போவாவ.”

“போன் கீதா அவங்களுக்கு?”

“ஊர்ல கோயிலுக்கு எதிர்த்த கடையில உண்டு. வாங்க.”

எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். லிசா தன் ஊருக்குப் பேசி, அங்கிருந்து சேந்தாழைக் கடை நம்பர் வாங்கி, அந்தக் கடைக்காரரிடம் சொல்லி, அவர் ஆள் விட்டுக் கூப்பிட்டு, அரைமணி கழித்து மறுபடி போட்டபோது கனத்த குரல் ஒன்று வந்தது. மிக்கேல் தவோரா. ரூத் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள்.

அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு வீடாக வாய்க்குள் எண்ணுவது கேட்டது. பிறகு அவர் சொன்னார். “தவோரா மொத்தம் ஒம்பது வீடும்மா. இங்க அஞ்சு, தூத்துக்குடியில மூணு, கொழும்புல ஒண்ணு. வேற எங்கயும் கிடையாது. ஒம்பது வீட்டுலயும் ஜாக்சன்னு ஒருத்தன் இல்ல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்கய்யா. யாருனா சின்ன வயசுல வூட்ட வுட்டு ஓடிப்போனவங்க...”

“இல்லம்மா.” பிறகு, “எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னிய?” என்று கேட்டார். சொன்னாள். வீட்டு விலாசமும் கேட்டார். சொன்னாள். “செரி” என்று வைத்துவிட்டார்.

செரி என்றால் என்ன செரி? ரூத்துக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில், லிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதாள். ஒன்பதே வீடு, ஒன்பதிலும் இல்லை என்றால் அந்தப் பையனுக்கு இந்த உலகத்தில் யார்தான் இருக்கிறார்கள்? அழுதுமுடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “கொழும்பு நம்பர் கெடைக்குமாடி?” என்று கேட்டாள்.

கொழும்புக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் வாசல் தெளிக்க வந்த ரூத் கேட்டுக்கு வெளியே ஐந்து பேர் நிற்பதைப் பார்த்தாள். நாலு ஆம்பளைகள், ஒரு பொம்பளை. நாலு பேருக்கும் உப்பில் காய்ந்து கறுத்த முகம். தூங்காத கண்கள். முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

“மிக்கேல் தவோரா. இது எந்தங்கச்சி பிரகாசி. இவங்க மூணு பேரும் பங்காளிய. ஒருத்தர் தூத்துக்குடி.”

“இல்லன்னு சொன்னீங்களே ஐயா!”

“ஜாக்சன்னு ஒருத்தனத் தெரியாதுன்னுதான் சொன்னேன். தவோரா செத்துக் கெடக்கான்னு நீங்க சொல்லுதிய. வராம எப்படி இருக்க?” என்றார் மிக்கேல். “எங்கள்ல ஒரு வழக்கம் உண்டும்மா. தவோரா வீட்டுல சாவு விழுந்தா பெட்டிக்கு முதல் தோள் தவோரா தோளாத்தான் இருக்கணும். ஆளு கொறஞ்ச வம்சம்லா. அதனால எந்த ஊர்ல விழுந்தாலும் எல்லா ஊர்லருந்தும் போயிருவோம்.”

ரூத்துக்கு அவர் காலில் விழலாமா என்று தோன்றியது. விழவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மட்டும் காதோரம் சொன்னாள். “ஐயா, எஸ்.ஐ. முறை கேப்பாரு. சித்தப்பான்னு சொல்லிடுங்க. வேலை முடிஞ்சிடும்.”

மிக்கேல் நின்றுவிட்டார். “பொய் சொல்லி ஒரு தவோராவத் தூக்க மாட்டேன்மா.”

ஐயோ, இது என்ன கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை! போயும் போயும் அரிச்சந்திரனைத் தங்கச்சியோடு பஸ் ஏற்றியா வரவழைத்தோம் என்று ரூத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் பயந்தபடியேதான் ஆனது. “செத்தவன் உனக்கு இன்னா வேணும்?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“தெரியாது சார்.”

“தெரியாதா? அப்புறம் எதுக்குய்யா இவ்ளோ தூரம் வந்த?”

“அவன் பேரு தவோரா சார். பர்னாந்துன்னா நான் வந்திருக்கவே மாட்டேன், ஆயிரக்கணக்குல இருக்கான். தவோரா அப்படிக் கிடையாது. எங்க ஒம்பது வீட்டத் தவிர உலகத்துல கிடையாது. அந்தப் பேரு ஒருத்தன்ட்ட இருந்தா அது எங்க வீட்டுல இருந்துதான் போயிருக்கணும். எந்தக் கிளையில இருந்து போச்சுன்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான்.” ஐந்து வாக்காளர் அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஐந்திலும் தவோரா.

சப்-இன்ஸ்பெக்டர் அட்டைகளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், ரூத்தைப் பார்த்தார். “பேர வச்சுப் பாடிய எப்படிய்யா குடுக்குறது?” என்று முனகினார். பிறகு சேரைத் தள்ளிவிட்டு எழுந்தார். “வா ஆஸ்பத்திரிக்கு. மூஞ்சியப் பாரு. பாத்துட்டு உங்காளா இல்லையான்னு சொல்லு. நீ சொல்றத எழுதிக்கிறேன். இல்லன்னு சொன்னா சாயங்காலம் முனிசிபாலிட்டிதான்.”

பிணவறைக்குள் சப்-இன்ஸ்பெக்டர் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். ரூத்தும் மிக்கேலும் பிரகாசியும் மட்டும் உள்ளே போனார்கள். அங்கே வேலை பார்க்கும் ஆள் துணியை விலக்கினான். ரூத் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மிக்கேல் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏ அண்ணே!” என்று பிரகாசிதான் முதலில் கத்தினாள். “இது நம்ம வரத்தான்லா!”

“யாரு? தெரியுமா உங்களுக்கு? உங்காளுதானே?” ரூத் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

பிரகாசி கையை உதறினாள். “எங்க ஆளு இல்லம்மா. வெளியூர்ப் பய. எங்கிருந்தோ வந்தான். எங்க வள்ளத்துல கூலிக்கு நின்னான். வந்தவன்ங்கதால வரத்தான், வரத்தான்னே கூப்பிடுவோம். எங்க வீட்டுலதான் சோறு. வள்ளத்த வித்ததும் வேலை இல்லாமப் போச்சு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். இப்பப் பாத்தா, போவும்போது எங்க பேரக் களவாண்டுட்டுல்லா போயிருக்கான்! இவன் தவோராவே இல்ல. வா அண்ணே, போவோம்.”

மிக்கேல் அசையவில்லை. ரூத்துக்கோ உள்ளங்காலில் ஆரம்பித்தது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“களவாண்டானா? இன்னாம்மா பேசுற? உங்க வூட்ல இருந்து தங்கத்த எடுத்துக்கினு போனானா, வெள்ளிய எடுத்துக்கினு போனானா? நீங்கதான் அவனுக்குப் பேரே இல்லாத மாதிரி வரத்தான், வரத்தான்னு கூப்ட்டீங்க. நாலு சோறு போட்ட வூடு, நல்ல வூடுன்னு நெனச்சுத்தான் அந்தப் பேர வச்சிக்கினான். கெட்ட வூட்டுப் பேர எவனாவது வச்சிக்குவானா? சரி, நீ சொல்லு. உங்களுக்கு இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு? தவோரான்னு தமிழ்ல இன்னா அர்த்தம்?”

மிக்கேல்தான், பிணத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “பறங்கிக் கப்பல்காரன் பேரும்மா. பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல ஊரே ஞானஸ்நானம் வாங்குச்சாம். எங்க பாட்டனுக்கு ஞானத்தகப்பனா நின்னவன் ஒரு தவோரா. அவன் பேரத்தான் போட்டுக்கிட்டாவ. அவன் மறுவாரமே கப்பலேறிப் போயிட்டானாம்.”

“அவன் உங்க ரத்தமா?”

“இல்ல.”

“அப்ப உங்க பாட்டனும் களவாணிதான்.”

சொன்ன பிறகுதான் ரூத்துக்கே திக்கென்றது. உதவிக்கு வந்த மனுஷனின் பாட்டனைப் போய்க் களவாணி என்றுவிட்டோமே! பிரகாசியின் முகம் சிவந்துவிட்டது. மிக்கேல் கோபிக்கவில்லை. பையனின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கினார்.

“மூணு வருசம்,” என்றார். “மூணு வருசம் வள்ளத்துல எம்பக்கத்துல இருந்து தண்டு வலிச்சான். எந்தட்டுக்குப் பக்கத்துல தட்ட வச்சுச் சோறு தின்னான். உம்பேரு என்னலேன்னு ஒருநாள் கேக்கல நான். ஜாக்சன்னு நேத்துப் போன்லதான் கேக்கேன்.”

துணியை அவரே இழுத்து மூடினார். வெளியே நடந்தார்.

ரூத் பின்னாலேயே ஓடினாள். இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டானே! சித்தப்பா என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்றவன் ஆயிற்றே! தெரிந்துபோன உண்மையை அப்படியே போய்க் கொட்டினால், எங்கள் வள்ளத்தில் கூலிக்கு நின்றவன் என்று சொன்னால், எல்லாம் முடிந்தது, சாயங்காலம் குழிதான். ஆண்டவரே, இவருக்கு ஒரு நிமிஷம் நாக்கு குழறட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பங்காளிகள் மூன்று பேரும் மரத்தடிக்கு வந்து நின்றார்கள். பிரகாசி கடைசியாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். “பாத்தியா? உங்காளா?”

“எங்க ஆளு” என்றார் மிக்கேல்.

பிரகாசி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பேரு ஜாக்சன் தவோரா.” சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். “அப்பா பேரு?”

ரூத் மிக்கேலின் வாயையே பார்த்தாள்.

“மிக்கேல் தவோரா,” என்றார் அவர். “சேந்தாழை.”

பேனா நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினார். “யோவ், காலைல அவன் உனக்கு யாருன்னே தெரியாதுன்ன?”

“காலையில தெரியாது சார். இப்பத் தெரியும். எழுதுங்க.”